ஐஸ்கட்டிக்கு வந்த கோபம்

ஐஸ்கட்டிக்குக் கோபம் வந்துவிட்டது.

மகளிர் கூடைப்பந்து அணியின் கோச்சுக்கு ஆட்டக்காரிகள் வைத்த பெயர் அது. ஜெயித்தாலும் தோற்றாலும் அவர் முகத்தில் ஒரே சிரிப்புதான். கூரையே இடிந்து விழுந்தாலும், 'டைம் அவுட்' என்று கையால்தான் காட்டுவார்.

அப்படிப்பட்ட மனுஷன், அரையிறுதியின் கடைசிக் கால் பகுதியில், எல்லைக்கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் இறங்கிவிட்டார். அணியின் கேப்டன் நெட்டை மீது நடுவர் ஃபவுல் சொன்னதுதான் காரணம்.

"இது ஃபவுலா? கண்ணைப் பொடனியிலயா வெச்சிருக்கீங்க? வீட்டுக்குப் போய்த் தூங்குங்க... சார்!"

திட்டிப் பழக்கமில்லாத வாய். கடைசியில் 'சார்' ஒட்டிக்கொண்டது.

நடுவர் டெக்னிக்கல் ஃபவுல் கொடுத்தார். எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. பந்து உள்ளே விழுந்தது.

"இன்னொண்ணு வாங்கினா வெளிய அனுப்பிடுவேன். உங்களுக்குத் தெரியாத விதியில்ல. போய் உக்காருங்க கோச்," என்றார் நடுவர், கெஞ்சாத குறையாக.

கோச் உட்காரவில்லை. தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி மைதானத்தின் நடுவே வீசினார்.

இரண்டாவது டெக்னிக்கல். வெளியேற்றம். இன்னொரு ஃப்ரீ த்ரோ, அதுவும் உள்ளே. மூன்று புள்ளி பின்தங்கியிருந்த அணி இப்போது ஐந்து புள்ளி பின்தங்கியது.

கேலரி முழுக்க 'ச்சே' என்றது. கிளப் செயலாளர் தலையிலேயே அடித்துக்கொண்டார்.

"தன் தலையில தானே மண்ணள்ளிப் போட்டுக்கிட்டாரே! வெளியேத்தினா அடுத்த மேட்ச்லயும் நிக்க முடியாது. இன்னிக்கு ஜெயிச்சாலும் ஃபைனலுக்கு இவர் கிடையாது. இந்த வருஷத்தோட ஓய்வு பெறப்போற மனுஷன், ஒரு ஃபைனலுக்காகத்தான இவ்வளவு காலம் காத்துக் கெடந்தாரு!"

"இப்ப டீமை யாரு பாத்துக்குறது?" என்று கேட்டார் பக்கத்திலிருந்த பொருளாளர்.

"விதிப்படி உதவிக் கோச்தான். வேற வழி? தனியா ஒரு மேட்ச்கூட நடத்தாத அம்மா! அடுத்த வருஷம் அவங்கதான் கோச்சுனு கமிட்டியில பேச்சு வந்தப்ப, அதச் சொல்லித்தானே நேத்து அவங்க பேரை அடிச்சோம். குடுத்துப் பாக்குறதுக்கு இதென்ன சோதனைக்கூடமா? வெளியாள் ஒருத்தரைப் பேசி வெச்சிருக்கேன். ஐஸ்கட்டியும் கூடத்தான் உக்காந்திருந்தாரு, சிரிச்சிட்டு எழுந்து போனாரு."

உதவிக் கோச் எழுந்தார். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, கோச்சின் காதில் எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பது வருஷக்கணக்காக அவர் வேலை. இன்று சொல்வதற்குக் காது இல்லை.

முதல் காரியமாக நெட்டையை வெளியே அழைத்தார். சிட்டு என்கிற குட்டைப் பெண்ணை உள்ளே அனுப்பினார்.

"போச்சு! இருந்த ஒரே தூணையும் பிடுங்கியாச்சு!" என்று அலறினார் செயலாளர்.

நெட்டைக்கும் மூக்கு சிவந்துவிட்டது. "என்னை ஏங்க்கா எடுத்தீங்க?"

"உனக்கு நாலு ஃபவுல். இன்னொண்ணு ஆச்சுன்னா அப்புறம் இறங்கவே முடியாது. கடைசியில நீ எனக்கு வேணும். பேசாம தண்ணி குடி."

சிட்டு சந்து கிடைத்த இடத்தில் எல்லாம் நுழைந்தாள். அவளைத் தடுக்கிறேன் பேர்வழி என்று, ஏற்கெனவே மூன்று ஃபவுல் வாங்கியிருந்த எதிரணியின் உயரமான பெண் மோதினாள், மறுபடி மோதினாள். ஐந்தாவது ஃபவுல். அவள் ஆட்டம் முடிந்தது.

"நெட்டை, இப்ப போ!"

தடுக்க அங்கே உயரமாக யாரும் இல்லை. சிட்டு தூக்கிப் போட்ட பந்தையெல்லாம் நெட்டை எட்டிப் பிடித்துக் கூடைக்குள் போட்டாள். கடைசி விசில் ஊதியபோது இவர்கள் ஒரு புள்ளி முன்னால் இருந்தார்கள்.

உதவிக் கோச்சைப் பெண்கள் தோளில் தூக்கிக்கொண்டார்கள். கை தட்டித் தட்டிச் செயலாளரின் உள்ளங்கை சிவந்துவிட்டது. இறங்கி ஓடிவந்து நெட்டையைப் பிடித்தார்.

"கோச் இல்லாம எப்பிடிம்மா சமாளிச்சீங்க?"

"எப்பவும் அக்கா சொல்றதத்தான் ஆடுறோம். அக்கா மெதுவா சொல்லுவாங்க, கோச் அத சத்தமா சொல்லுவாரு. அவ்ளோதான்," என்று சிரித்தாள் அவள்.

செயலாளர் டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போனார். வெளியேற்றப்பட்டவர் மைதானத்துப் பக்கம் தலைகாட்டக் கூடாது. கோச் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"ஜெயிச்சாச்சு. ஒரு புள்ளி."

"ஒண்ணா? நான் தூக்கிக் குடுத்த ரெண்டையும் சேத்துக்கோங்க சார். மூணு!" கோச்சின் நெஞ்சு அரை அடி நிமிர்ந்தது.

"உங்களுக்குப் பெருமை வேற! ஃபைனல்லயும் இனி அந்தம்மாதான் நிக்கணும். காத்திருந்து காத்திருந்து, கடைசியில வாயால கெடுத்துக்கிட்டீங்களே! அப்படி என்னய்யா பெரிய தப்பான தீர்ப்பு குடுத்துட்டாரு அந்த நடுவர்?"

"நடுவர் மேல ஒரு தப்பும் இல்ல சார். அது சுத்தமான ஃபவுல்." ஐஸ்கட்டியின் முகத்தில் பழைய சிரிப்பு திரும்பியிருந்தது.

"தப்பான தீர்ப்பு நேத்து நீங்க குடுத்தது."