சக்கரம் நின்றபோது

பன்னாட்டுக் கடலுணவுக் கண்காட்சிக்கு வந்த கூட்டமெல்லாம் இலவசமாகப் பொரித்துக் கொடுக்கும் இறாலுக்கு மொய்த்துக்கொண்டிருக்க, இறால் பண்ணைக்காரர் வைரக்கண்ணு குளத்துத் தண்ணீருக்குக் காற்றேற்றும் ஏரேட்டர் விற்கிற கம்பெனியின் அரங்கில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். பக்கத்துக் கண்ணாடித் தொட்டியில் சக்கரம் தண்ணீரை அடித்து அடித்துக் காற்றேற்றிக்கொண்டிருந்தது. சாயங்காலம் கம்பெனிப் பெண் சுவிட்சை அணைத்தாள். சத்தம் நின்றதுதான் தாமதம், அவர் அலறிக்கொண்டு எழுந்தார்.

“கரண்டு போச்சு! ஜெனரேட்டரப் போடு! எல்லாம் மூச்சுமுட்டிச் செத்துரும்!”

சட்டைக் கையோடு தொட்டிக்குள் துழாவினார்.

“ஐயா, இது சும்மா காட்டுறதுக்குங்க. உள்ள இறால் கிடையாது.”

கை சொட்டச் சொட்ட மறுபடி உட்கார்ந்தார்.

“என் குளத்துலயும் கிடையாதும்மா. நோய் வந்து மொத்தமும் போயிருச்சு. மிஷின் நின்ன நாள்லேருந்து வீட்டுல பொட்டுத் தூக்கமில்ல. கொஞ்ச நேரம் ஓடட்டுமே.”

அவள் சுவிட்சைத் தொடுவதற்குள் அவர் கண்ணை மூடியிருந்தார்.