நூறு டாலர் ட்ராவிஸ்

ஒஹாயோவில், வெண்டெலின் கராஜில் எங்கள் ஃபேன்டஸி ஃபுட்பால் ஏலம். நிஜ ஆட்டக்காரர்களைக் காகிதத்தில் வாங்குவோம். அவர்கள் களத்தில் ஓடினால் எங்களுக்குப் புள்ளி. அணிக்கு இருநூறு டாலர்தான் வரம்பு.

"ட்ராவிஸ், எழுபது!" என்றார் வெண்டெல். வருடாவருடம் அந்த ஆட்டக்காரனை ஏலத்தில் யாருக்கும் விட்டுத்தராதவர்.

போன வருடம் கடைசி இடம் எனக்கு. இந்த முறை அவனைப் பறித்தே தீருவதென்று, "நூறு!" என்றேன்.

வெண்டெல் உடனே பீரை உயர்த்தினார். "நீயே வச்சுக்கடா, ஏமாளி! அவன் முட்டி ஜவ்வு நேத்தே கிழிஞ்சுபோச்சு. நாளைக்குத்தான் வெளிய சொல்வாங்க."

கராஜே சிரித்தது.

"நிஜமாவா?"

"பின்ன? போன்ல, 'அப்பா, என் ஆட்டம் முடிஞ்சுபோச்சுப்பா'ன்னு ஒரே அழுகை."

சிரிப்பு நின்றது. வாயிலிருந்த பீட்சாவைத் துப்பினேன்.

"என்னய்யா முழிக்கிறீங்க? அடுத்த பேரைப் படிங்க" என்றார் வெண்டெல்.