அக்காவுக்கு மட்டும்

“வெறும் புண்ணுதான் மாமா. பயப்படாண்டாம்,” என்று சொல்லி, ஆனந்தலட்சுமி ரிப்போர்ட்டை மாமனாரின் முன்னால் மேசைமேல் வைத்தாள்.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். குடையைக்கூட மடக்கவில்லை.

காந்திமதிநாதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். தாலுக்கா ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் இங்கிலீஷ் கடிதங்களோடு கிடந்தவர். அவர் வயிற்றிலிருந்து எடுத்த சதைத் துணுக்கில் புற்றுநோய் இல்லை என்று எழுதியிருந்தது. டாக்டரின் கையெழுத்து இருந்தது. சீலும் இருந்தது.

“சரி மக்கா,” என்றார்.

அதில் ஒரு சொல்லைக்கூட அவர் நம்பவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால், புற்றுநோயில் கிடந்த மனைவி பகவதியம்மாளிடம் அவரே சொன்ன வார்த்தை அது. வெறும் புண்ணுதான். கடைசி வாரம்வரை அந்த அம்மாள் அதை நம்பி, வேளை தவறாமல் மோர் குடித்துக்கொண்டிருந்தாள்.

தவிரவும், அவருக்கு உண்மை நேற்றே தெரிந்துவிட்டது.

நேற்று பகல் பதினொன்றரைக்கு ஆனந்தலட்சுமி, காஞ்சிரங்குளத்தில் இருக்கும் தன் அக்கா அமிர்தாவுக்கு வாட்சப்பில் எழுதியிருந்தாள். அக்காளும் தங்கையும் தமிழை மலையாள எழுத்தில்தான் எழுதிக்கொள்வார்கள்.

‘டாக்டர் போன்ல விளிச்சாரு. பரவிப் போச்சாம். மூணு மாசம் தாண்டாதாம். மாமாட்ட புண்ணுன்னு சொன்னா போதும்னு இவங்க சொல்லுதாங்க.’

இவங்க என்றால் ராஜீவ். மஸ்கட்டில் இருக்கும் மகன். அவன்தான் யாரையாவது பிடித்து வேறொரு ரிப்போர்ட் அடித்து வாங்கச் சொல்லியிருப்பான். இந்தக் காலத்தில் எந்தக் காகிதத்தை அடிக்க முடியாது?

மருமகளின் போனுக்கு வருவதும் அதிலிருந்து போவதும் காந்திமதிநாதனின் அறையிலுள்ள கம்ப்யூட்டரிலும் வந்து விழும். கல்யாணமான இரண்டாம் மாதம் ராஜீவ் விமானம் ஏறினான். மறுநாள் காலை அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, மாமனார் அவள் போனை எடுத்து, அதன் வாட்சப்பைத் தன் கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டார். அரை நிமிஷ வேலை.

இதை வெளியே சொன்னால் பாறசாலையில் ஒருவரும் நம்பமாட்டார்கள். பட்டன் போன் வைத்திருக்கும் மனிதர் அவர். வீட்டு டிவியில் கேமரா இருக்கும் என்று அதன் நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டியவர். போன மாதம், தம் பொறுப்பிலிருக்கும் ஊர் வாசகசாலையில், நம் வீட்டுக்குள் இருக்கும் ஒற்றர்களைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார்.

“சாரே, மேலே சுத்துத ஃபேனும் உங்களைத்தான் நோக்குதாக்கும்,” என்றான் சாயாக்கடை உண்ணி. கூட்டம் சிரித்தது.

“சிரி மக்கா, சிரி. உன் வீட்டு உள்ளறை இப்போ அமெரிக்காவிலே இருக்கு,” என்றார் அவர். அதற்குக் கைதட்டினார்கள்.

அது வேறு, இது வேறு. மகன் ஊரில் இல்லாத வீட்டில் ஒரு கண் வேண்டும்.

அந்தக் கண் பலனும் தந்தது. கொஞ்ச நாளைக்குப் பிள்ளை வேண்டாமென்று மாத்திரை தின்பதாகப் போன ஓணத்துக்கு அவள் அக்காவுக்கு எழுதினாள். அக்காவுக்கு மட்டும். இரண்டு நாளில் ராஜீவ் மஸ்கட்டிலிருந்து ஒரு மணி நேரம் போனில் கத்தினான். மருந்துக்கடையில் யாரோ பார்த்தார்களாம் என்று மகனிடம் சொல்லியிருந்தார் காந்திமதிநாதன். மருமகள் மூன்று நாள் அழுதாள். பிறகு அடங்கிவிட்டாள். வீடு நேரானதில் அவருக்குத் திருப்தி.

இப்போது அவள் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

‘எனக்கு எத்தனை நாள் உண்டு மக்கா?’ தொண்டைவரைக்கும் மூன்று தடவை வந்தது.

கேட்டால், எப்படித் தெரியும் என்பாள். அது ராஜீவின் காதுக்குப் போகும். வாசகசாலைக்குப் போகும். உண்ணியின் கடைக்குப் போகும்.

சாவதே மேல் என்று தோன்றியது.

நேற்று பகலிலிருந்து ஒரு பருக்கை உள்ளே இறங்கவில்லை. வயிற்றுவலி இருமடங்காகியிருந்தது. காலையில் வாசகசாலைச் சாவியை ஒரு கவரில் போட்டு, தலைவரின் பெயரை மேலே எழுதி வைத்துவிட்டார். பகவதியம்மாளின் படத்தை இறக்கித் துடைத்தார். பக்கத்தில் இன்னொரு படத்துக்கு இடம் இருக்கிறதா என்று சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சுவரைப் பிடித்துக்கொண்டு அறைக்குப் போனார். கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரைத் திறந்தார். டாக்டர் வேறு ஏதாவது சொல்லியிருப்பார். நாள் கூடியிருக்கும்.

அமிர்தா எழுதியிருந்தாள்: ‘போதும் லெச்சுமி. வயசான மனுசன். பாவம் கிடைக்கும். உண்மையைச் சொல்லிரு.’

கீழே மருமகளின் பதில்: ‘சொல்லியாச்சு அக்கா. ரிப்போர்ட்டையும் கையிலே குடுத்தேன். நம்பமாட்டேங்காரு.’

அவர் அதைத் திரும்ப வாசித்தார். பிறகு மேலேயிருந்து ஒருமுறை வாசித்தார்.

அடுக்களையில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

கம்ப்யூட்டரை அணைக்க அவர் கை நீண்டது. அணைக்கவில்லை.

அக்காவுக்கு எழுதும் அதே இடத்தில், அந்த வரிகளுக்குக் கீழே, இன்னொரு வரி வந்து விழுந்தது.

‘மாமா, சோறு விளம்பியாச்சு. வாங்க.’