பளபளக்கும் திரை

திருப்பதிக் கடையில் இரண்டு லேப்டாப்களைத் திறந்து வைத்தார்கள். ஒன்றின் திரை கண்ணாடி மாதிரி பளபளப்பு. இன்னொன்று மங்கல்.

"பளபளன்னு கீதே, அதையே வாங்கிக்க பாப்பா. பெங்களூரு ஆபீஸ்ல நாலு பேரு பாப்பாங்க இல்ல?" என்றார் அவள் அப்பா அப்பாவு. நகரியில் நூலுக்குச் சாயம் தோய்க்கிறவர். நகக்கண்களில் நீலம் போகவே போகாது.

"சரி நைனா" என்றாள் பிரமிளா.

அவர் குனிந்து, இன்னும் ஆன் செய்யாத அந்தப் பளபளக்கும் கறுப்புத் திரையை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது, அவளோடு கல்லூரியில் படித்த சுதீர் கடைக்குள் வந்தான். அவள் அருகில் நின்று, அப்பாவுவின் முதுகைக் காட்டி, "உங்க அப்பாவா?" என்று சாடையில் கேட்டான்.

பிரமிளாவுக்கு அந்த லுங்கியும் நீல விரல்களும்தான் கண்ணில் பட்டன. அவசரமாக, இல்லையென்று தலையாட்டினாள். யாரோ என்பதுபோல உதட்டைப் பிதுக்கினாள்.

அப்பாவு மெல்ல நிமிர்ந்தார். விரல்களைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார்.

"மங்கலா கீதே, அதையே குடுங்க" என்றார் கடைக்காரரிடம்.

"ஏன்?" என்றாள் பிரமிளா.

அவர் அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"பளபளப்பு வேணாங்க. பின்னால நிக்கறவங்க மொகமெல்லாம் அதுல தெரியுது, மேடம்."