பூசணிக்கு ஒரு பெட்டிசம்

உடுவிலில் கதிரவேலுவின் பூசணித் தோட்டம் மஞ்சள் பூவாகக் கலியாண வீடு மாதிரிக் கிடந்தது. பிஞ்சுதான் ஒன்றுகூட நிற்கவில்லை. வேலிக்கு மேலால் எட்டி, பக்கத்துத் தோட்டத்துச் சுபாங்கனைக் கூப்பிட்டார்.

“தம்பி, உரமும் போட்டன், தண்ணியும் கட்டினன். ஏன் எல்லாப் பூவும் கொட்டுது?”

“ஆண் பூவிலையிருந்து பெண் பூவுக்கு மகரந்தம் காவ என்ரை தேனீயள் இல்லையே, அண்ணை. ‘தேனீ குத்துது’ எண்டு ஆரோ பேர் போடாமல் பிரதேச சபைக் கந்தோருக்கு மொட்டைப் பெட்டிசம் எழுதிப் போட்டிட்டினம். கந்தோர் எடுக்கச் சொல்ல, தேனீப் பெட்டியளை உடுப்பிட்டிக்கு அனுப்பிப்போட்டன். அங்கை உங்கடை பூ இல்லாமல் தேனும் வருகுதில்லை.”

“ஆர் அந்த விசரன்? ரெண்டு பேற்றை சோத்திலையும் மண் அள்ளிப் போட்டிட்டானே!”

தெரு கேட்கத் திட்டித் தீர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், கடதாசியும் பேனையும் எடுத்தார்.

“என்ன எழுதப் போறியள்?” என்றாள் மனைவி சிவக்கொழுந்து.

“தேனீப் பெட்டியளைத் திருப்பிக் கொண்டுவர விடச் சொல்லிப் பெட்டிசம்.”

“எழுதுங்கோவன்.”

கதிரவேலு தலையைச் சொறிந்தார்.

“இஞ்சரப்பா, நீ எழுது. என்ரை எழுத்தைக் கண்டா, போன மாசம் எழுதின விசரன் ஆரெண்டு கந்தோரிலை விளங்கிடும்.”