பத்துக்கு ஆறு

“ஆறு” என்று சொல்லி முடிப்பதற்குள் திரையில் இருந்த பெண்ணுக்கு மூச்சு வாங்கியது.

அவன் வீடியோவை அங்கேயே நிறுத்தினான். ஏன் ஆறு என்று அவள் சொல்லத் தொடங்கியிருந்தாள். அதைக் கேட்கும் பொறுமை அவனுக்கு இல்லை.

காலையிலிருந்து எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை வரப்போகும் கேமுக்கு விமர்சனங்கள் முன்கூட்டியே வெளியாகத் தொடங்கியிருந்தன. ஒருவர் ஒன்பது கொடுத்தார். இன்னொருவர் ஒன்பதரை. ஜப்பான் பத்திரிகை ஒன்று பத்துக்குப் பத்தே கொடுத்துவிட்டது. ரசிகர்களின் குழுவில் பட்டாசுப் படங்கள் வெடித்துக்கொண்டே இருந்தன.

அவனும் வெடித்தான்.

இரண்டாம் பாகம் வந்து ஐந்து வருடம் ஆகிறது. வெள்ளிக்கிழமைக்கு ஆபீஸில் லீவு சொல்லியாகிவிட்டது. கண்வலி என்று.

அப்போதுதான் இந்த ஆறு.

நிறைமதி தமிழில் கேம்களை விமர்சிப்பவள். பேச்சு திக்கும். அதை வெட்டாமல் அப்படியே வீடியோவில் விட்டுவிடுவாள். அவனுக்குப் பிடித்த சேனல்தான்.

நேற்றுவரை.

அவளால் சராசரி ஒரு புள்ளி இறங்கியது. குழு கொதித்தது. போட்டிக் கம்பெனியிடம் காசு வாங்கியிருப்பாள் என்றார்கள். பொம்பளைக்கு என்ன தெரியும் என்றார்கள். அவள் கேமைத் தொடவே இல்லை என்று ஒருவன் சத்தியம் செய்தான். சத்தியம் செய்தவன் உட்பட, அங்கே ஒருவரும் இன்னும் அந்த கேமை விளையாடியிருக்கவில்லை.

அவனும்தான்.

“எல்லாரும் போய்க் கவனிங்கடா” என்று குழுவில் உத்தரவு வந்தது.

போனான். ‘கடலரசன்’ என்ற பெயரில் அவள் வீடியோவுக்குக் கீழே எழுதினான். யோசிக்கக்கூட இல்லை. விரல் தானாக ஓடியது.

“ஒரு வார்த்தைய முடிக்கவே முக்குது. இது எங்க கேமை முடிச்சிருக்கும்?”

சிரிப்புகள் வந்து குவிந்தன. யாரோ அவளுக்கு ‘முக்குமதி’ என்று பெயர் வைத்தார்கள். அதற்கு அவனும் ஒரு சிரிப்பைப் போட்டான். மாலைக்குள் அவன் வரி எல்லாவற்றுக்கும் மேலே போய் உட்கார்ந்துகொண்டது. குழுவில் அவனைத் தலைவா என்றார்கள்.

அவன் சொன்ன எதற்கும் இத்தனை பேர் சிரித்ததே இல்லை.

டீயை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தபோதும் அந்தச் சந்தோஷம் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

நித்திலா சோஃபாவில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். அவன் தங்கை. கல்லூரியில் இரண்டாம் வருடம். கேம் பக்கமே போகாதவள். ஆனாலும் நிறைமதியை அவனுக்கு முதலில் காட்டியது அவள்தான்.

அவளுக்கும் திக்கும்.

வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அவள் முடிக்கும்வரை காத்திருப்பார்கள், அவ்வளவுதான். பள்ளிக்கூட வேனில் அவளைப் போலப் பேசிக் காட்டிய ஒருவனின் மூக்கில் அவன் குத்தியிருக்கிறான். அன்றைக்கு அவனை யாரும் திட்டவில்லை.

அவள் போனை நீட்டினாள்.

அவன் வரி.

“பா... பாத்தியாண்ணா?”

டீ தொண்டையைச் சுட்டது.

“இத எழுதுனவன் வீட்ல எங்கள மா... மாதிரி யாரும் இருக்க மாட்டாங்கல்ல?”

அவன் திரையையே பார்த்தான். மதியம் அவ்வளவு சாமர்த்தியமாகத் தெரிந்த வரி. இப்போது ‘முக்குது’ என்ற ஒரு சொல் மட்டும்தான் கண்ணில் பட்டது.

“இருக்க மாட்டாங்க பாப்பா” என்றான்.

அவள் தலையாட்டினாள். நம்பினாள்.

அழித்துவிடலாம் என்று தோன்றியது. ஆனால் அந்த வரி எப்போதோ அவன் கையைவிட்டுப் போயிருந்தது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பக்கம் பக்கமாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதற்கு நித்திலா ஒரு பதில் எழுதி வைத்திருந்தாள். போடுவதற்கு முன் பிழை பார்த்துத் தரச் சொன்னாள். அவள் தமிழை அவன்தான் எப்போதும் திருத்துவான்.

வாங்கினான்.

“அண்ணா, எனக்கும் திக்கும்.”

அதற்கு மேல் படிக்கவில்லை.

அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மெல்ல நிமிர்ந்தான். அவள் நகத்தைக் கடித்தபடி, எத்தனை பிழை இருக்கிறதோ என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் உறைத்தது. முன்பின் தெரியாத ஆம்பளைகள் எல்லாரையும் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். பஸ் கண்டக்டரை, ஆட்டோக்காரரை, பார்சல் கொண்டுவருபவரை.

மீதியைப் படித்தான்.

“இந்த அக்காவைப் பார்த்துத்தான் நான் கிளாஸில் எழுந்து பேசப் பளகினேன். கேமைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடுங்கள். பேச்சை விட்டுவிடுங்கள்.”

‘பளகினேன்’ என்பதில் இருந்த ‘ள’வை அழித்தான். ‘ழ’ போட வேண்டும். இந்த முறை விரல் எழுத்தைத் தேடித்தான் போட்டது.

சொல்லிவிடலாம். இப்போதே. ஒரு சொல்தான்.

போனைத் திருப்பிக் கொடுத்தான்.

அவள் முதலிலிருந்து படித்தாள். எதுவோ உறுத்தியதுபோல் புருவத்தைச் சுருக்கினாள்.

“இந்த அ... அ...”

அவன் காத்திருந்தான்.

“...அண்ணாவ எடுத்துரட்டுமா? இவனுக்கெல்லாம் எதுக்கு?”

“எடுத்துரு.”

விரலைத் திரைமேல் வைத்தாள். அழிக்காமலே விரலை எடுத்தாள்.

“ப... பரவால்ல. இருக்கட்டும்ணா” என்றாள்.

அனுப்பினாள்.