இரண்டு குளத்து வைரஸ்

ஆய்வக ஜன்னலோரம் ஆராய்ச்சிக்கார அக்கா, எதிரே குளத்துக்குச் சொந்தக்காரனான தம்பி, கதவருகே முக்காலியில் அவன் மனைவி, நடுமேசையில் ஈரத்துணி போர்த்திய கண்ணாடித் தொட்டிக்குள் அவர்கள் குளத்துத் தவளை. பக்கத்துக் குளத்தின் தவளைகளைக் கூண்டோடு அழித்த வைரஸ்தான் இதிலும் என்றால், நாளைக்கே நகராட்சி இந்தக் குளத்தை வற்றடித்துச் சுண்ணாம்பு கொட்டிவிடும். திரையில் இரு வைரஸ்களின் மரபணு எழுத்துகளும் மேலும் கீழுமாக இரண்டு வரிகளில் நகர்கின்றன. எழுத்து மாறும் இடங்களில் மட்டும் அக்காவின் விரல் நின்று நின்று போகிறது. ஊசியில் நூல் கோக்கிற நிதானம் அதில். கண்ணுக்கே தெரியாத ஒன்றின் குலங்கோத்திரத்தை இவள் கண்டுபிடிக்கிறாளே என்று தம்பிக்கு மலைப்பாக இருக்கிறது. "ரெண்டும் ஒண்ணுதானாக்கா?" "ஒரே வம்சம்டா, ஆனா உன்னையும் என்னையும் மாதிரி வேற வேற ஆளு. இது பழைய கிளை. நம்ம தவளைங்களோட ரொம்ப காலமா சண்டையில்லாம குடித்தனம் நடத்துது." "உங்க ரெண்டு பேர்ல யாரு அண்ணி சாது?" என்கிறாள் மனைவி, கணவனைப் பார்த்தபடி. அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு நகராட்சிக்கு அறிக்கை எழுதுகிறாள்: இது வேறு கிளை, குளத்தை வற்றடிக்க வேண்டாம், பக்கத்துக் குளத்து நீர் மட்டும் இதில் கலக்கக் கூடாது. தம்பி அதை உறையிலிட்டு, உறையின் வாயை நாக்கால் நனைத்து, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டுகிறான். மனைவி அதைப் பிடுங்கிக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல், நகராட்சிக்குப் படியிறங்கி ஓடுகிறாள்.